ஆத்தா இறங்கும் நாள்

பாறைக்கொல்லை,
ஜமுனாமரத்தூர் வழி,
8-1-1989

என் மகள் சாந்தாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம், இருட்டினால் படுக்கிறோம், அதற்குப் பேர் நலம் என்றால் இங்கே நலம்தான். நீ அந்தப் பம்பாயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலைக்கு ரயிலில் நெருக்கிக்கொண்டு போய் வருவதாக எழுதியிருந்தாயே, உடம்பு தாங்குகிறதா என்று அதே யோசனையாக இருக்கிறேன். இந்த வருஷம் பனி கொட்டுகிறது, காலையில் எட்டு மணி வரை எதிரே வருகிற ஆள் தெரிவதில்லை. சாமை அறுத்துப் போட்டாயிற்று, விளைச்சல் பரவாயில்லை, அடித்துத் தூற்றுவதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பி கோவிந்தன் எப்படி இருக்கிறான், அவன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய், நான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுப்பேன், முதல் வரியோடு வைத்துவிடுவேன். ஹாஸ்டலில் சமைக்கப் போய், பிள்ளைகள் கத்திப் படிக்கிறதைக் கேட்டு அடுப்படியில் நின்றே எழுத்துக் கற்றவள் நான், சாதாரண விஷயத்தை எழுதவே எனக்கு அரை நாள் வேண்டும், இதை எப்படி எழுதுவது.

முதலில் நீ சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கிறதா பார், தப்பென்றால் திருத்தி எழுது, ஏனென்றால் அதை நம்பித்தான் நான் இவ்வளவும் செய்திருக்கிறேன். பங்குனியில் புளி உலுக்கப் போன பிள்ளை மரத்திலிருந்து விழுந்தான், முறிந்த கிளை விலாவைக் கிழித்துவிட்டது, ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோவதற்குள் பாதி ரத்தம் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். யாரோ முகம் தெரியாதவன் கொடுத்த ரத்தம், அதில் ஒரு கிருமி இருந்தது, அவனுக்கே தன் உடம்பில் அது இருப்பது தெரிந்திருக்காது என்றாய். அந்த ரத்தம் ஏற்றியிருக்காவிட்டால் அன்றைக்கே பிள்ளை போயிருப்பான், ஏற்றியதால் இப்படி ஆயிற்று, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் என் வாயையே திட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து காயம் ஆறி வருகிற நேரத்தில் காய்ச்சல் அடித்தது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது, மாரும் முதுகும் சிவந்து தடித்துப் போயிற்று. நம் ஊரில் இதைப் பார்த்தால் வேறு என்ன சொல்வார்கள்? அம்மை என்றார்கள், நானும்தான் சொன்னேன். வழக்கப்படி கொல்லைக் கொட்டாயில் தனியாகப் படுக்க வைத்து, வேப்பிலை செருகி, வீட்டில் கடுகு தாளிக்காமல், எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல் இருந்தோம். தடிப்பு அடங்கியது. குப்பன் பூசாரி வந்து மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றி, ஆத்தா உடம்பை விட்டு இறங்கிவிட்டாள் என்று சொல்லி வீட்டுக்குள் விட்டான்.

ஆடித் திருவிழாவுக்கு வந்த நீ இதையெல்லாம் கேட்டுவிட்டு முகம் மாறினாயே. அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஒரு தடவைக்கு இரண்டு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லி, கடைசியில் போளூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெஞ்சில் என்னையும் அவனையும் உட்கார வைத்துச் சொன்னாய். அது அம்மை இல்லை, அந்தக் கிருமி உடம்புக்குள் குடியேறினபோது வந்த முதல் காய்ச்சல் என்றாய். மற்றக் கிருமி எல்லாம் எத்தனை நாள் இருந்தாலும் வெளியாள்தான், உடம்பில் காவல் காக்கிற அணுக்கள் அடையாளம் கண்டு அடித்துத் துரத்தும், இது அப்படி இல்லை என்றாய். எனக்குப் புரியவேண்டும் என்று எங்கள் ஹாஸ்டலையே வைத்துச் சொன்னாயே, அது மறக்கவில்லை. வார்டன் சார் பீரோவில் பெரிய நோட்டு இருக்கிறது, எந்தக் கிழமை என்ன சமைப்பது என்று அதில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து அன்றன்றைக்கு ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுப்பார், நான் சீட்டில் உள்ளதைச் சமைப்பேன். உடம்பில் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் இதே மாதிரி நோட்டு ஒன்று, அதிலிருந்து சீட்டு, சீட்டிலிருந்து சமையல். இந்தக் கிருமி சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அலைகிற பயல். உள்ளே நுழைந்ததும் தன் சீட்டைத் தலைகீழாக நோட்டு எழுத்தாக மாற்றி எழுதுகிறான், அப்படி எழுதுவதற்கு ஒரு ஆயுதமும் கையோடு கொண்டுவருகிறான், எழுதின தாளை நம் நோட்டின் நடுவிலேயே வைத்துத் தைத்துவிடுகிறான். பிறகு எது வார்டன் எழுத்து, எது திருடன் எழுத்து என்று அந்த அணுவுக்கே தெரியாது, தன் நோட்டுதானே என்று நம்பி அதைப் பார்த்துச் சீட்டு எழுதி, அந்தத் திருடனுக்கே ஆயிரம் பிள்ளைகளைச் சமைத்துப் போடும். தாளைக் கிழிக்க வேண்டுமானால் நோட்டையே கொளுத்த வேண்டும். இப்படித் திரும்பி எழுதுவதால் அந்த ஜாதிக்கே ரெட்ரோ வைரஸ் என்று பேர் என்றாய். அதுவும் அவன் தேடித் தேடிப் போய் உட்காருவது காவல்காரன் வீட்டிலேயே என்றாய் பார், அதைக் கேட்டு டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னாய். ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ ஆள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பான், மரம் ஏறுவான், மூட்டை தூக்குவான், உள்ளே காவல் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருவார்கள், அப்புறம் ஒரு சாதாரண இருமலோ பேதியோ வந்தால்கூட எழுப்ப முடியாது. அதுவரை அது ரத்தத்தில் போகும், புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால் போகும், வயிற்றுப் பிள்ளைக்குப் போகும், தாய்ப்பாலில் போகும். தொட்டால் போகாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் போகாது, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தால் போகாது. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கல்யாணம் பண்ணிவிடாதேம்மா, மாமா பெண் சுந்தரம்மாளையும் சேர்த்துக் கொன்றுவிடாதே என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம்.

கோவிந்தன் திரும்பி வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அம்மை போட்டுச்சு, போய்ட்ச்சு, இவ இன்னாமோ நோட்டு சீட்டுன்னு கதை சொல்றா என்றான். ஆனால் பஸ் மலை ஏறின பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், நான் பார்த்தேன். உன் அப்பாவிடம் சொன்னேன். தண்ணி ஊத்தி எத்தினி மாசம் ஆவுது, ஆத்தா எறங்கனவ எறங்கனதுதான், உம் பொண்ணு நாள் முச்சூடும் அடுத்தவன் ரத்தத்தையே பாத்துக்கினு குந்தியிருக்கறா, அவளுக்கு எல்லார் மேலயும் சந்தேகம் என்றார். மறுநாள் காலையில் கோவிந்தன் தலையில் சாமை மூட்டையை ஏற்றி என் எதிரே நடக்கவிட்டு, பாரு, நோயாளி போறான் பாரு என்று கிண்டல் வேறு. பிள்ளையும் சும்மா சொல்லக்கூடாது, காயம் ஆறின பிறகு தேக்கு மரம் மாதிரி ஆகிவிட்டான். அவனைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும், நீ பார்த்த ரத்தம் வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொள்வேன், நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொள்வேன்.

சுந்தரம்மாள் உனக்குத் தெரியாதவளா, உன் தாய்மாமன் தசரதனுக்கு ஒரே பெண், பிறந்தபோதே என் மடியில் போட்டு உன் வீட்டுக்குத்தான் என்று சொன்ன பெண். தையில் முடித்துவிடலாம் என்று என் அண்ணனும் உன் அப்பாவும் ஐப்பசியிலேயே பேசி முடித்துவிட்டார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, முறைப்பெண்ணைக் கட்டுவதற்கு யாரைக் கேட்பது. நான் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன் சாந்தா. ஹெல்த் சென்டருக்குப் புதிதாக வந்திருக்கிற சின்ன வயசு டாக்டரிடம் போய், ஊரில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல பிள்ளை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தானும் பேப்பரில் படித்ததுதான், ஒரு ஆளைக்கூடப் பார்த்ததில்லை, மருந்து என்று ஒன்றும் கிடையாது, இதை ஊரில் சொன்னால் உங்களை இருக்க விடமாட்டார்கள் என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பிவிட்டார். என் அண்ணி பெரியம்மாளிடம் போனேன். பையன் ரத்தத்தில் கோளாறு இருக்கிறது, பெண்ணை வேறு இடத்தில் கொடுங்கள் என்றேன். அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு, எம் பொண்ணு கறுப்பா இருக்கறான்னு புடிக்கலன்னா நேரா சொல்லு நாத்தனாரே, பெத்த புள்ளமேலயே நோவ வச்சிப் பேசுவாங்களா ஒரு பொம்பள என்றாள். சுந்தரம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அத்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அந்தக் குழந்தை அன்றெல்லாம் சாப்பிடவில்லையாம். என் அண்ணன் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

கடைசியாக அவனிடமே போனேன். நீ சொல்லிக்கொடுத்த அந்த நிரோத் உறை சமாச்சாரத்தை ஒரு தாய் மகனிடம் எந்த வாயால் சொல்வது என்று யோசித்து யோசித்து, கொல்லையில் தனியாக இருந்தபோது சொல்லியேவிட்டேன். அவன் காதெல்லாம் சிவந்து, அய்ய, போம்மா அந்தாண்ட என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு கொல்லை தாண்டிப் போய்விட்டான். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனாகவே வந்து அடுப்பெதிரில் உட்கார்ந்து, அக்கா சொன்னது நெசமா இருந்தா நான் இன்னாம்மா பண்றது, கட்டிக்காம இருந்தா ஊரு இன்னான்னு கேக்கும், நான் இன்னான்னு சொல்றது என்று கேட்டான். நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்க அக்கா சொல்வது நிஜம்தான் என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான், விடிந்ததும் ஒன்றுமே பேசாதவன் மாதிரி கல்யாணத்துக்கு வெல்லம் வாங்கச் செங்கத்துக்குப் புறப்பட்டுப் போனான்.

கல்யாணம் வைப்பதற்கு முன் மாரியம்மன் கோயிலில் வாக்குக் கேட்கிற வழக்கம் உனக்கு நினைவிருக்கும். கார்த்திகை தீபம் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை ஊரே கூடிவிட்டது. நாட்டாமை கோபால்சாமி, என் அண்ணன் குடும்பம், உன் அப்பா, எல்லோரும். பெண்ணையும் பிள்ளையையும் எதிர் எதிரே நிறுத்தியிருந்தார்கள். குப்பனுக்கு ஆத்தா வந்து நல்ல வாக்குச் சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும், உள்ளே கொஞ்சம் சாராயம் போனால் அவனுக்கு எந்த நாளும் ஆத்தா வருவாள், நான் எத்தனை தடவை உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். குப்பன் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சுந்தரம்மாள் புதுச் சேலையில் தலையைக் குனிந்து நின்றாள், கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வரும், அந்தப் பிள்ளைக்கும் அது போகும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் தெரியும். கொண்டையை அவிழ்த்துவிட்டுக் குதித்தேன். ஆமாம் சாந்தா, நான்தான். நடிக்கத்தான் போனேன். உடம்பு நடுங்கினது நடிப்பு இல்லை, பயத்தில் அது பாட்டுக்கு நடுங்கியது. நான் இன்னும் எறங்கலடா, இவன் ரத்தத்துல குந்திக்கினு இருக்கறேன், எனக்குத் தண்ணி ஊத்தி அனுப்ப நீங்க யாருடா, இவனுக்குப் பொண்ணு சேக்காதீங்க, சேத்தா அவளையும் எடுப்பேன், அவ வயித்துல வர்றதையும் எடுப்பேன் என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

நாலு மாசமாக நான் அழுது சொன்னதும் இதே வார்த்தைதான். நாத்தனார் சொன்னாள், பெண்டாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள், ஒருத்தர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆத்தா சொன்னாள் என்றதும் என் அண்ணி ஓடிவந்து மகளை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். உன் அப்பா, கல்யாணமான நாளிலிருந்து ஏ இன்னாடி என்றே கூப்பிட்ட மனுஷன், என் காலில் விழுந்து, தெரியாம பண்ணிட்டோம் தாயே என்று அழுதார். கல்யாணம் அன்றைக்கே நின்றது. நீ கேட்டது நடந்துவிட்டது, அந்தப் பெண் பிழைத்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அதற்கு அடுத்த நிமிஷம் நாட்டாமை சொன்னார், ஆத்தா எறங்காத ஒடம்ப ஊருக்குள்ள வச்சிக்கக் கூடாது, அவன் மறுபடி கொட்டாய்க்குப் போவட்டும், ஆத்தா எறங்கி நாள் சொன்னா தண்ணி ஊத்திக் கூப்ட்டுக்கலாம் என்று. நான் இதை நினைத்துப் பார்க்கவே இல்லையடி. பெண்ணைக் காப்பாற்றுவது வரைக்கும்தான் என் புத்தி போயிற்று. மயக்கம் தெளிந்தவள் மாதிரி எழுந்து, வேண்டாம், தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது, ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள் என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஆத்தா உன் வாயாலயே சொல்லிட்டா, நீ இன்னா இப்போ மாத்திப் பேசற என்றார்கள். பொறுக்காமல் மறுநாள் நாட்டாமை வீட்டுக்கே போய், சாமியும் இல்லை பூதமும் இல்லை, பேசினது நான்தான், பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொன்னேன், எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் போடுங்கள், பிள்ளையை வீட்டுக்கு விடுங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. சாமி வந்தவங்களுக்கு இன்னா பேசனோம்னு ஞாபகம் இருக்காது தாயே, குப்பனுக்கும் அப்படித்தான் என்று சொல்லி, தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு எனக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்கச் சொன்னார். நான் என்ன செய்வேன் சொல்லு. நிஜத்தைச் சொன்னால் நம்பவில்லை, பொய்யைச் சொன்னேன் நம்பினார்கள், பொய் என்று சொன்னால் அதையும் நம்பவில்லை.

ஆக உன் தம்பி கொல்லைக் கொட்டாயில் இருக்கிறான். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, கல் மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தனிச் சொம்பு, தனித் தட்டு. சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது, நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். அவனோடு தேன் எடுக்கப் போகிற பையன்கள் வேறு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். உன் அப்பா களியை ஒரு பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, துன்னுடா, ஆறிடப்போவுது என்று கூப்பிட்டுவிட்டு மறைவாகப் போய் அழுகிறார். நான் மட்டும் வேண்டுமென்றே அவன் தட்டில் அவனோடு சாப்பிடுகிறேன், அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதற்கு. அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், ஆத்தா வர்ற ஒடம்பு அது, அதுக்கு ஒண்ணும் ஆவாது, நாம செஞ்சா போச்சு என்கிறார்கள். ஹாஸ்டலிலும் பிள்ளைகள் என் காலைத் தொட்டுவிட்டுத்தான் சோற்றுக்குத் தட்டை நீட்டுகிறார்கள், பரீட்சைக்கு வேறு கும்பிடுகிறார்கள், எனக்கு வருகிற எரிச்சலுக்குக் கரண்டியைத் தூக்கி அடிக்கலாம் போலிருக்கிறது.

சுந்தரம்மாளை வேறு ஊரில் கேட்டிருக்கிறார்கள், மாசியில் முடிக்கப்போகிறார்கள். போன வாரம் விறகுக்கு வருகிற சாக்கில் என்னிடம் வந்தாள். அத்தே, ஆத்தா கிட்ட நீங்களே கேளுங்க, அவரு வூட்டுக்கு வர்ற வரைக்கும் நான் காத்துக்கினு இருக்கறேன், வருசம் ஆனாலும் பரவால்ல என்றாள். நீ போய் நல்லபடியாகக் கட்டிக்கொள், பிள்ளை குட்டி பெற்றுக்கொள் என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு இன்னும் நான்தான் வில்லி. இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ போன கடிதத்தில் அமெரிக்காவில் ஒரு மருந்து வந்திருக்கிறது, அந்தத் திருடன் தலைகீழாக எழுதுகிற ஆயுதத்தை அது கொஞ்சம் மழுக்குமாம், நோயைத் தீர்க்காதாம், இங்கே யாருக்கும் கிடைக்காதாம் என்று எழுதியிருந்தாய். கிடைக்காத மருந்தைப் பற்றி எதற்குடி எனக்கு எழுதினாய்? அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. நோட்டில் தைத்த தாளை உருவுகிற மருந்து ஒன்று என்றைக்காவது வருமா என்று உங்கள் பெரிய டாக்டர்களிடம் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், கேட்டால் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும்.

நீ தினமும் யார் யாருடைய ரத்தத்தையோ கையில் எடுக்கிறாய். கையுறை கிழிந்திருந்தால் வேலை செய்யமாட்டேன் என்று சொல்லிவிடு, உத்தியோகம் போனாலும் போகட்டும். ஊசியை மூடும்போது கையில் குத்திக்கொள்ளாதே, அவசரத்தில் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சாதே. பதில் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, ஹாஸ்டல் விலாசத்துக்குப் போடு. படவேட்டு அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அவள் பேரைச் சொல்ல இப்போது எனக்கு வாய் கூசுகிறது, இருந்தாலும் உனக்காக வேறு யாரிடம் கேட்பேன். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

நாட்டாமையும் குப்பனும் நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனார்கள். ஆடித் திருவிழாவுக்குள் ஆத்தா எறங்கற நாளச் சொல்லிடு தாயே என்றார்கள். நான் நாள் சொன்னால் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு விடுவார்கள், அடுத்த வாரமே எவனாவது பெண்ணைக் கொடுக்க வந்து நிற்பான், அவன் அழகுக்கு வராமல் இருப்பார்களா. சொல்லாவிட்டால் அவன் அங்கேயே கிடக்க வேண்டும். ஊருக்கு நான் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன், அடுத்த ஆடி என்பேன், அது வந்தால் அதற்கடுத்த ஆடி என்பேன். அவர்கள் போன பிறகு சோறு எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். இன்றைக்காவது இவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம், இவனுக்காவது தெரியட்டும் என்று, ஆத்தா வரவில்லையடா, அம்மாதான் கத்தினேன், உன் அக்கா சொன்னதுதான் நிஜம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அன்றைக்கு பஸ்ஸில் சிரித்தானே அந்தப் பிள்ளை, உன் நோட்டையும் சீட்டையும் நம்பாத பிள்ளை, கண்ணில் தண்ணீர் கொட்ட என் எதிரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். உனக்கு ஞாபகம் இருக்காதும்மா, ஆனா உள்ள இருக்கறவளுக்குக் கேக்கும், நான் இன்னா தப்பு பண்ணேன், எம்மேல இருந்து எறங்கிடு தாயே, எறங்கிடு என்று கெஞ்சினான். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஊருக்கு என்ன சொல்வது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அவனுக்கு என்ன சொல்வது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கம்மாள்